அறுபது நாற்காலி

ஒன்பது மணிக்குள் திருப்பி ஏற்றிவிட வேண்டும்.
காலையில் அம்மாபேட்டையில் ஒரு காதுகுத்து.
முதலாளி குப்புராஜ் கடையில் இரண்டு முறை சொன்னார்,
அடிவாரம் செக்போஸ்ட்டில் நிற்கும்போது
போனில் ஒரு முறை.

இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொன்றிலும் பின்னால் நாற்காலிகள்
ஒரு பக்கமாகச் சாய்ந்து பல்லைக் கடித்தன.
என் குட்டியானைக்கு வயது பதினொன்று,
இரண்டாவது கியரிலேயே மூச்சு வாங்கும்.

நாகலூர் தாண்டி மண்ரோட்டில் இறங்கினால்
காப்பிக்கொட்டை வைக்கும் கொட்டகை.
தகரக் கூரை, ஒரு குண்டு பல்பு.
மூட்டைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு
ஒரு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள்.
மேடை அவ்வளவுதான்.

பாட வந்தவள் பிலோமி.
சேலை, ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு துண்டு,
வந்ததும் வெந்நீர் கேட்டாள்.
கிடார் வாசிக்க இன்னாசி.
தீர்த்தகிரி என்று ஒருவன் மரப்பெட்டி தூக்கிவந்தான்.
வாத்தியம் உள்ளே இருக்கும் என்று பார்த்தால்
பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து
பெட்டியையே அடிக்க ஆரம்பித்தான்.
ஒரு நாற்காலி மிச்சம் என்று
நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

நான் பாட்டுக் கேட்கிற ஆள் இல்லை.
கல்யாணம், கட்சிக் கூட்டம், கருமாதி
எங்கே போனாலும் எனக்குக் கேட்பது
நாற்காலி இழுபடும் சத்தம்தான்.
இழுத்தால் கால் தேயும்.
தேய்ந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

மூன்றாவது பாட்டின் நடுவில் கரண்ட் போனது.
மைக்கின் குரல் போய்
அவளுடைய குரல் மட்டும் மிஞ்சியது.
சின்னது, கொஞ்சம் மூக்கடைப்போடு.
முன்வரிசை தாண்டியிருக்காது.
அவள் நிறுத்தவில்லை.

யாரும் யாரிடமும் சொல்லவில்லை.
ஐம்பத்தொன்பது நாற்காலிகள்
சிமெண்ட் தரையில், இருட்டில்,
டர்ர்ர்ரென்று முன்னால் போயின.
‘தூக்கி வைங்க’ என்று வாய்வரை வந்தது.
அந்தச் சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்து
அது நின்ற இடத்தில் தீர்த்தகிரி
உள்ளங்கையால் ஒரே ஒரு தட்டு தட்டினான்.
யாரோ சிரித்தார்கள்.
பாட்டு அங்கிருந்து மறுபடி கிளம்பியது.

கூலி வாங்கிய சனிக்கிழமை
வராமல் போன ஐந்தரை மணி பஸ்ஸைப் பற்றிய பாட்டு.
அவளே கட்டியது என்றார்கள்.
பழம் பறித்துவிட்டு நேரே வந்திருந்த பெண்கள்
ஒவ்வோர் அடிக்கும் ‘ஆமா’ போட்டார்கள்,
டிரைவர் பேரைச் சொல்லித் திட்டினாள் ஒருத்தி.
கதவில்லாத வாசல் வழியே பனி நுழைந்து
மூட்டைகளுக்கு இடையில் நின்றது.

“ஏண்ணா நிக்கிறீங்க, உக்காருங்க.”
இருட்டில் ஒரு கை அந்த மிச்ச நாற்காலியைத் தள்ளியது.
தடவிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது:
பின்கால் விரிந்து, போன ஆடியில்
நானே கம்பி கட்டிய நாற்காலி.
பதினான்கு வருஷமாக இந்த வேலை.
காலியான மண்டபத்தில் சோற்றுக்கு உட்கார்ந்திருக்கிறேன்,
ஆட்கள் இருக்கும்போது உட்கார்ந்ததில்லை.
பாதி எடையைத் தொடையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.
சட்டைப்பையில் போன் அதிர்ந்தது,
பெட்டித் தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி.
ஒன்பது மணி ஆகியிருக்கும்.
எத்தனையாவது பாட்டில் முழு எடையும் இறங்கியது
என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஏற்றி முடிக்கப் பத்தே முக்கால்.
எண்ணினால் ஐம்பத்தொன்பது.
ஒன்றில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.
“எழுப்பினா அழுவுங்ண்ணா,
காலையில பஸ்ஸுல போட்டு அனுப்பறேன்” என்றாள் தாய்.
சரி என்றேன்.
பஸ் வராதென்று இப்போது எனக்கும் தெரியும்.

இறங்கும்போது, ஏழாவது வளைவா எட்டாவதா,
பின்னால் எல்லாம் ஒன்றாக நகர்ந்தன,
அதே டர்ர்ர்ர்.
வண்டியை ஓரங்கட்டிப் போய்ப் பார்த்தேன்.
கயிறு சரியாகத்தான் இருந்தது.
இருந்தாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.
கீழே சேலம்.
அங்கே கரண்ட் இருந்தது.